கோதுமை ஆகாத குழந்தையும் கடல் கடந்த பயணமும்

திருகோணமலையை நோக்கி வரும் புகையிரதப் பாதை கந்தளாயைக் கடந்து, தம்பலகாமத்து வயல்வெளிகளின் ஊடாக வந்து, சீனக்குடாவிலே துறைமுகத்தை அணுகுகின்றது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அவ்வயல்கள் பன்னெடுங்காலமாக நெல் விளைத்து வருவன. சீனக்குடாவிலோ கோதுமையின் ஆட்சி. 1977ஆம் ஆண்டில் இலங்கை அரசு சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்த பெரிய மா ஆலை 1980 முதல் அங்கே இயங்கி வருகின்றது. இயற்கையாகவே ஆழம் மிக்க துறைமுகம் ஆதலால், பெருங்கப்பல்கள் ஆலையின் அருகே வந்து நின்று கோதுமை மணியை இறக்குகின்றன. இலங்கை மண்ணிலே கோதுமை விளைவதில்லை என்றே சொல்லிவிடலாம். இந்நாட்டார் உண்ணும் கோதுமை கடல் வழியே வருவது. நெல் விளையும் ஊருக்கும் கோதுமை அரைபடும் ஊருக்கும் இடையே உள்ள தூரம் மிகவும் சிறிது.

இத்துறைமுகப் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. இரண்டாண்டுகளாக வயது ஏறியும் உயரம் ஏறாமல், இரத்தச் சோகையும் வயிற்றுப் பொருமலுமாய் வாடியிருந்த அப்பிள்ளைக்குச் சீலியாக் நோய் என்று வைத்தியர் கண்டறிந்திருக்கிறார். மருந்து ஒன்றும் இல்லை. கோதுமை, பார்லி, றை என்னும் மூன்று தானியங்களையும் ஆயுள் முழுவதும் உண்ணாதிருத்தலே மருந்து என்று சொல்லியிருக்கிறார். இந்த வேளையில் லண்டனிலிருந்து கடிதம் வருகிறது. சின்னம்மாவுக்குத் திருமணம், அம்மம்மா பேத்தியைக் காண ஏங்கியிருக்கிறார், ஒரு மாதம் வந்து தங்கிப் போக வேண்டும். பிள்ளையின் தாய் என்ன செய்வாள்?

அயலார் சொல்லுவது இதுவாகத்தான் இருக்கும்: "நாங்கள் சோறு தின்னுகிற சனம். இங்கே பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. பாண் தின்னுகிற தேசத்துக்குக் கொண்டுபோய்த்தான் கஷ்டப்படப் போகிறாய்." அன்போடு சொல்லப்படும் இச்சொல்லில் இரண்டு செய்திகள் உள்ளன. இரண்டுமே பெரும்பாலும் பிழையானவை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, நீரிலே வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவினால், வெண்மையான மாச்சத்து நீரோடு போய்விடும். கையில் எஞ்சுவது இரப்பரைப் போல இழுபடும் ஒரு பொருள். அதுவே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டாக்காரர் மாவை விசிறித் துணிபோல விரிப்பதும், பாண் உப்பி மெத்தென்று எழுவதும் அப்புரதத்தின் வல்லமையே. பெரும்பாலான மனிதருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. சீலியாக் நோயுடையோரின் உடலோ அதனைக் கண்டதும் தன் காவற்படையைத் தன் சிறுகுடலின் மீதே ஏவிவிடுகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகச் சிறுகுடலின் உட்சுவரில் அமைந்துள்ள நுண்ணிய விரல்கள் போன்ற முளைகள் அதனால் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளை எவ்வளவு உண்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. கோதுமையை அறவே நீக்கினால் அம்முளைகள் மீண்டும் வளர்கின்றன, பிள்ளையும் வளர்கிறது.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய உண்மையைக் காண மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று. கப்படோசியாவைச் சேர்ந்த அரேற்றேயசு என்னும் பண்டைக் கிரேக்க மருத்துவர் இந்நோயை வருணித்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே நோயின் பெயர் வந்தது. 1888ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரின் குழந்தைகள் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் ஜீ என்னும் வைத்தியர், இந்நோய் தீருமாயின் உணவாலேயே தீரும் என்று உணர்ந்து எழுதினார். ஆயினும் எந்த உணவு என்பதிலே அவர் தடுமாறினார். அரிசி ஆகாது என்று விலக்கினார். மெல்லியதாய் வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய பாணைக் கொடுக்கலாம் என்றார்! தம்பலகாமத்து உழவர் எவரேனும் அருகில் இருந்திருந்தால் சோற்றின் பொருட்டு வழக்காடியிருக்கக்கூடும். 1924இல் அமெரிக்காவிலே சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். குணமாக்கியது வாழைப்பழம் என்றே அவரும் உலகமும் நம்பினர். பாண் விலக்கப்பட்டிருந்ததே காரணம் என்பது எவர் கண்ணிலும் படவில்லை.

கண்டவர் ஒல்லாந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கெ. ஹேக் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையின் பொறுப்பை அவர் 1936இல் ஏற்றார். தன் பிள்ளைக்குப் பாணை நிறுத்தியதும் நோய் தணிகிறது என்று ஒரு தாய் அவரிடம் சொன்னதாக அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் குறிப்பிடுகின்றனர். தாயின் சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. கோதுமையின்மேல் அவருக்கு ஐயம் வளர்ந்தது. பின்னர் 1944ஆம் ஆண்டின் இறுதியில் போரினால் மேற்கு ஒல்லாந்து முற்றுகைப்பட்டுப் பெரும் பஞ்சம் வந்தது. மக்கள் துலிப் மலரின் கிழங்கைத் தின்று உயிர் தாங்கினர். நாடெங்கும் குழந்தைகள் மெலிந்த அந்தக் குளிர்காலத்திலே சீலியாக் நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். பாண் திரும்பி வந்தபோது அவர்கள் நோயும் திரும்பியது. 1950இல் டிக்கெ தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ஆய்வாளர்கள் குற்றவாளி மாச்சத்தன்று, குளூட்டனே என்று பிரித்துக் காட்டினர். டிக்கெ 1962இல் காலமானார். உலகில் நூற்றில் ஒருவருக்கு அண்மையளவில் இந்நோய் இருக்கலாம் என்பது இன்றைய கணக்கு. நமது அயலகத்தில் பஞ்சாப் முதலிய கோதுமை உண்ணும் பகுதிகளில் இது மிகுதி. சோறுண்ணும் நாடுகளிலே குறைவு எனினும் இல்லாமல் இல்லை.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அயலார் சொல் கேட்டுத் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் வைத்தியரிடம் செல்லுதல் கூடாது. இரத்தப் பரிசோதனையும் குடற் பரிசோதனையும் பிள்ளை கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்யப்படல் வேண்டும். முன்பே நிறுத்திவிட்டால் நோயின் தடயம் மறைந்து, உண்மை தெரியாமலே போய்விடும்.

இனி, "நாங்கள் சோறு தின்னுகிற சனம்" என்னும் பேச்சுக்கு வருவோம். ஒரு காலத்தில் அது உண்மை. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது, பங்கீட்டிலே கோதுமை மா இந்நாட்டு வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தது. போர் முடிந்தும் அது வெளியேறவில்லை. அரிசிக்குத் துணையாக வந்த மா, அரிசியின் இடத்திலேயே அமர்ந்துகொண்டது. இன்று திருகோணமலை வீடொன்றில் காலையுணவைப் பார்ப்போம். பாண் வெளிப்படையான பகை. அதனைப் பிள்ளையும் அறியும். கொத்து ரொட்டியும் அப்படியே. ஆனால் பிட்டு? இடியப்பம்? தோசை? இவை அரிசிப் பண்டங்கள் என்றே எவரும் சொல்வர். பலர் வீட்டில் பிட்டுக்கு அவித்த கோதுமை மா சேர்கிறது, இடியப்பத்துக்கும் சேர்கிறது, தோசை மாவைக் கரைக்கும்போது ஒரு சுண்டு கோதுமை மா விழுகிறது. முறுக்கிலும் கொழுக்கட்டையிலும் கலப்பு உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையே. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். பிள்ளைக்குப் பலம் வரட்டும் என்று பாலிற் கரைத்துக் கொடுக்கும் மோல்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருவன. நோய்ப்பட்ட பிள்ளைக்குப் பார்லித் தண்ணீர் கொடுக்கும் பழக்கமும் இங்கே பழையது.

பெருநாளிலோ பிறந்த நாளிலோ உறவினர் வீட்டுக்குப் போனால், உரையாடல் இப்படி அமையும்.

"மாமி, பிட்டு தனி அரிசி மாவோ?"

"வேறென்ன பிள்ளை, அரிசி மாதான்."

"கோதுமை மா ஒன்றும் சேர்க்கவில்லையே?"

"ஒரு பிடி போட்டால்தானே பதமாய் வரும். அது ஒரு பிடிதானே!"

மாமி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது அரிசிப் பிட்டுத்தான். கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாத அந்த ஒரு பிடிதான் பிள்ளையை வாட்டுவது. ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அத்துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து உடலிற் சேர்ந்தாலே சிறுகுடல் பழுதடையும் என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டிற்று. பனையோலை நீற்றுப்பெட்டியின் இடுக்குகளிலும், அரிதட்டின் கண்ணிகளிலும், இடியப்ப உரலின் துளைகளிலும் தங்கும் மாவைக்கூட இதனால்தான் அஞ்ச வேண்டியிருக்கிறது. ஓலைப் பெட்டியை எப்படித்தான் கழுவினாலும் மா முற்றாகப் போகாது. அப்பிள்ளைக்கென்று புதிய நீற்றுப்பெட்டி ஒன்று தனியே வைப்பதே வழி.

ஆகவே லண்டன் பயணம் உண்மையிலே திருகோணமலை அடுக்களையிற் தொடங்குகிறது. வீட்டிலே கேட்டறியப் பழகாத தாய் வெளிநாட்டிலே கேட்டறிய மாட்டாள். நல்லவேளையாக, மூட்டை கட்டுவதற்கு உகந்த பொருள்கள் இந்நாட்டிலே நிறைய உண்டு. சிவப்பரிசி மா, குரக்கன் மா, உழுத்தம் மா, பயறு, பனையிலிருந்து வரும் ஒடியல் மா ஆகிய எதிலும் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைக்கும் மில்லிலே அவற்றைக் கொடுத்து அரைப்பித்தால் பயன் கெட்டுவிடும். வீட்டிலேயே இடித்தோ அரைத்தோ எடுத்தல் நலம். இறைச்சி, பால் கலந்த பண்டங்களைப் பயணிகள் கொண்டுவரப் பல நாடுகள் இடங்கொடா. தானியங்களையும் விதைகளையும் தடுக்கும் நாடுகளும் உண்டு. அவுஸ்திரேலியாவுக்குள் எந்த உணவையும் அறிவித்தே கொண்டுசெல்லல் வேண்டும். போகுமுன் அந்தந்த நாட்டு விதிகளைக் கேட்டறிவது விமான நிலையத்தில் மூட்டையைப் பறிகொடுப்பதிலும் மேலானது.

கடவுச்சீட்டோடு வேறு இரண்டு தாள்களும் பையில் இருத்தல் வேண்டும். ஒன்று வைத்தியரின் கடிதம். பிள்ளைக்கு இன்ன நோய், இன்ன உணவு ஆகாது, ஆதலால் உணவு உடன் கொண்டுசெல்லப்படுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்டது. மற்றையது சிறிய அட்டை. போகும் நாட்டு மொழியிலே, "இப்பிள்ளைக்குச் சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, றை கலந்த எதனையும் உண்ணலாகாது. அவை பட்ட கத்தியும் பலகையும் எண்ணெயும் ஆகா. அரிசி, உருளைக்கிழங்கு, சோளம், முட்டை, மீன், பழம் ஆகியவை ஆகும்" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆகாதவற்றை மட்டும் எழுதினால் சமையற்காரர் மலைத்து நிற்பார். ஆவதையும் எழுதிவிட்டால் அவர் கை தானே வேலை செய்யும். பல நாடுகளின் சீலியாக் சங்கங்கள் இத்தகைய அட்டைகளைப் பல மொழிகளில் ஆக்கி வைத்திருக்கின்றன. பிரித்தானியச் சங்கம் 1968ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

விமானத்தைப் பொறுத்தவரை, குளூட்டன் இல்லாத உணவுக்கென்று பெரும்பாலான விமான நிறுவனங்களிலே ஒரு குறியீடு உண்டு: ஜீ.எப்.எம்.எல். பயணச்சீட்டுப் பதியும்போதே அதனைக் கேட்டு வைத்தல் வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் மீண்டும் கேட்டு உறுதி செய்தல் வேண்டும். வழியிலே டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறுவதாயின் இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே உறுதி செய்வது நன்று. நேரம் பிந்தி வேறு விமானத்தில் ஏற்றப்பட்டால், சிறப்புணவு பழைய விமானத்தோடு போய்விடுவது வழக்கம். உணவு சரியாக வந்தாலும் தாயின் கண் அதன்மேல் இருத்தல் வேண்டும். தட்டின் மூடியில் சரியான குறி ஒட்டியிருக்கும். பணிப்பெண் புன்முறுவலோடு மற்றவர்களுக்குக் கொடுக்கும் சிறு பாண் உருண்டையைப் பிள்ளைக்கும் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளை பசியோடு இருக்கும். ஆதலால் பயணம் முழுவதற்கும், மேலும் ஒரு நாளைக்கும் போதுமான உணவு கைப்பையில் இருக்கட்டும். அரிசி மா உருண்டை, வறுத்த பயறு, வாழைப்பழம், வீட்டில் செய்த குரக்கன் பிஸ்கற்று என்பன கெடாமலும் சிந்தாமலும் இருக்கும். தயிரோ குழம்போ ஆயின் பாதுகாப்புச் சோதனையிலே திரவம் என்று தடுக்கப்படலாம். வைத்தியரின் கடிதம் அங்கேயும் பேசும்.

அந்நிய உணவின் துன்பத்தைப் பற்றிப் பேசும்போது கொட்டியாரக் குடாவை நினையாமல் இருக்க முடியவில்லை. திருகோணமலைக்கு எதிரே உள்ள அக்குடாவிலே, புயலால் பாய்மரம் பழுதுபட்டு ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து 1660இல் சிறைபிடிக்கப்பட்டவர் ரொபேட் நொக்ஸ். பாண் உண்டு வளர்ந்த அவ்விளைஞர் 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி நாட்டிலே சோறுண்டு வாழ நேர்ந்தது. அவருக்கு வழிகாட்டும் அட்டை எதுவும் கையில் இருக்கவில்லை. ஆயினும் சோறு அவரைக் கெடுக்கவில்லை. அவர் முதுமைவரை வாழ்ந்தார். நம் பிள்ளையின் பயணம் அதற்கு எதிர்த்திசையில் உள்ளது.

இனி, பாண் தின்னும் தேசத்தின் கஷ்டம் என்ன என்று பார்ப்போம். வியப்பு யாதெனில், சீலியாக் நோயுடைய பிள்ளைக்கு அங்கே பல விடயங்கள் இங்கேயிருப்பதிலும் இலகுவாக உள்ளன. கோதுமை மிகுந்த நாட்டிலேதான் கோதுமையால் வரும் நோயும் நன்கு அறியப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் பொதி செய்த உணவின் சேர்மானப் பட்டியலிலே கோதுமை, பார்லி, றை, ஓட்ஸ் என்னும் பெயர்கள் தடித்த எழுத்தில் அல்லது வேறு வகையில் எடுத்துக்காட்டப்பட வேண்டும் என்பது சட்டம். 2014 டிசம்பர் முதல் உணவுச்சாலைகளும் இந்தத் தகவலைக் கேட்பவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளன. குளூட்டன் இல்லை என்று எழுதிய பொருளில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. அனைத்துலக உணவு நியமக் குழு 2008இல் ஏற்ற அளவும் அதுவே. கோதுமைக் கதிரின்மேல் குறுக்குக் கோடு கிழித்த முத்திரையைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிடினும் கடையில் தானே தேடி எடுத்துவிடும்.

இத்தாலியின் கதை இதனினும் சுவையானது. பீட்சாவும் பாஸ்தாவும் பிறந்த அந்நாட்டிலே 2005இல் சீலியாக் நோயாளருக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது; அவர்கள் குளூட்டனற்ற உணவு வாங்குவதற்கு அரசு மாதந்தோறும் உதவுகின்றது. 2023இல் பிள்ளைகளிடையே இந்நோயைத் தேடிக் கண்டறியும் சட்டமும் வந்தது. இத்தாலியிலே தொழில் செய்யும் இலங்கையர் பலர். அவர்கள் வீட்டுக்கு விருந்து போகும் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதையும் மறத்தலாகாது. கனடாவில் 2012 முதல் குளூட்டனைத் தரும் தானியம் எதுவாயினும் பொதியிலே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலோ கோதுமையைச் சொல்வது கட்டாயம். பார்லியைச் சொல்வது கட்டாயமன்று. ஆதலால் மோல்ட் என்ற சொல்லை அங்கே தேடிப் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரில் சோறு எங்கும் கிடைக்கும். ஆனால் அதன்மேல் ஊற்றும் சோயாச் சாறு கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது. தமிழ்நாட்டிற்குத் தலயாத்திரை போவோர் இட்டிலியைக் கண்டு மகிழலாம். சாம்பாரில் விழும் பெருங்காயத்தையும், பரோட்டா சுட்ட கல்லிலேயே வார்க்கப்படும் தோசையையும், கோயிலில் அன்போடு கொடுக்கப்படும் ரவைக் கேசரியையும் நினைவில் வைத்திருந்தாற் போதும்.

எனவே லண்டனிலே அந்தப் பிள்ளைக்கு ஆபத்து எங்கே? கடையில் அன்று, உணவுச்சாலையில்கூட அதிகம் அன்று. அம்மம்மாவின் வீட்டிலேதான்.

இதனைச் சொல்லும்போது எவரும் வருந்தலாகாது. அம்மம்மா பல ஆண்டுகளாகக் காணாத பேத்திக்காக மூன்று நாள் பாடுபட்டுப் பலகாரம் செய்து வைத்திருப்பார். பிள்ளை அதனைத் தொடாமல் இருந்தால் அவருக்கு நெஞ்சு பொறுக்காது. "ஒரு துண்டு தின்றால் என்ன செய்யும்? என் கையால் செய்தது" என்பார். தாய் மறுத்தால், மகளே தன்னை நம்பவில்லை என்று கண் கலங்குவார். நமது மரபிலே விருந்தினர் உண்ணாமல் எழுவது வீட்டாருக்கு நேரும் அவமதிப்பு. மேலைநாட்டார் ஒருவர் தமக்கு ஆகாத உணவை வேண்டாமென்று சொன்னால், வீட்டார் சரியென்று விட்டுவிடுவர். நம்மவரோ விடமாட்டார், அது அன்பின் மிகுதி. இந்நோயைப் பொறுத்தவரை அந்த மிகுதியே இடையூறு. இந்த இக்கட்டைத் தீர்க்கச் சட்டம் உதவாது, அட்டையும் உதவாது.

உதவக்கூடியது ஒன்று உண்டு. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே தொலைபேசியில் அம்மம்மாவிடம் பேசி, அவரையே இந்தப் பணியின் தலைவியாக்கிவிடுதல். என்னென்ன ஆகாது என்று பட்டியல் ஒப்புவிப்பதிலும், "அம்மா, பிள்ளைக்கென்று ஒரு புதுச் சட்டியும் ஒரு அரிதட்டும் வாங்கி வையுங்கள், வேறொருவரையும் தொடவிடாதீர்கள்" என்று பொறுப்பைக் கொடுப்பது சிறந்தது. பொறுப்பு வந்துவிட்டால் அம்மம்மாவைப் போன்ற காவலாளர் உலகில் இல்லை. பாண் வாட்டும் கருவியில் பிள்ளையின் அப்பம் விழாது. பாண் துகள் ஒட்டிய கத்தி வெண்ணெய்க்குள் இறங்காது. மரக்கரண்டியும் பலகையும் தனியாகும்.

திருமண மண்டபம் வேறு விடயம். அங்கே ரோல்ஸும் வடையும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படும். பரிமாறும் கரண்டி ஒரு சட்டியிலிருந்து மறு சட்டிக்குத் தாவும். நூறு பேருக்குச் சமைப்பவரிடம் ஒரு பிள்ளைக்காக வழக்காடுவதில் பயனில்லை. பிள்ளைக்கு வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்து, மண்டபத்துக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோவதே அறிவு. அந்த டப்பாவிலுள்ள உணவு மற்றவர் தட்டிலுள்ளதைப் போலவே இருத்தல் வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேக் தின்னும்போது இந்தப் பிள்ளை வெறும் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தால் அதன் மனம் வாடும். அரிசி மாவிலும் நல்ல கேக் செய்யலாம்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் தவறு நேரும். வயிற்று வலியோ வாந்தியோ வரலாம். ஒன்றும் வெளித்தெரியாமலும் போகலாம். உண்டதை முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. நீர் கொடுத்து, இளைப்பாறச் செய்து, அடுத்த வேளையிலிருந்து மீண்டும் ஒழுங்காக நடத்தலே செய்யத்தக்கது. வாந்தி நிற்காவிடில் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அந்த வேளையில் பிள்ளையைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை தின்றதைச் சொல்லாமல் மறைத்துவிடும். மறைக்கப்பட்ட பாண் துண்டே மிகவும் ஆபத்தானது. எட்டு வயதுப் பிள்ளையைத் தாய் எப்போதும் காத்துக்கொண்டிருக்கவும் முடியாது. அதுவே கேட்கப் பழகுதல் வேண்டும். "இதில் கோதுமை உண்டா?" என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் தலைகுனியாமல் சொல்லப் பழக்குவது, பயணத்துக்கு வாங்கும் குளிராடையிலும் முக்கியமானது. விமானப் பணிப்பெண்ணிடம் முதன்முறை அதனைக் கேட்கும்போது பிள்ளையின் குரல் மெல்லியதாக இருக்கும். லண்டன் கடைகளில் பத்துமுறை கேட்டபின் அது சாதாரணமாகிவிடும். அங்கே அக்கேள்வியைக் கேட்டு எவரும் முகம் சுளிப்பதில்லை.

ஒரு மாதம் கழிந்து குடும்பம் ஊர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுப் பேருந்து கந்தளாயையும் தம்பலகாமத்தையும் கடந்து விடியற்காலையில் துறைமுகத்தை அடைகிறது. சீனக்குடாவில் ஆலை வழக்கம்போல அரைத்துக்கொண்டிருக்கிறது. அன்று மாலையே மாமி வருகிறார். கையில் மூடிய ஏனம்.

"தனி அரிசி மா, பிள்ளை. ஒரு பிடிகூடப் போடவில்லை. நீற்றுப்பெட்டியும் புதிசு, சந்தையில் வாங்கினது."

தாய் ஏனத்தை வாங்கப் போகிறாள். அவளுக்கு முன்னே சிறுமி கேட்கிறாள்:

"மாமி, மா அரித்த அரிதட்டு?"

மாமி ஒரு கணம் நின்று யோசிக்கிறார். பின்னர் ஏனத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அதை நான் பார்க்கவில்லை, பிள்ளை" என்று தம் வீட்டை நோக்கி நடக்கிறார்.